ஏழாம் கோப்பின் இருநூற்று முப்பத்தொன்றாம் பக்கம்

சென்ற மாதம் பிரவீன் தொலைபேசியில் அழைத்தார். செராஸில் அலுவலகம் வைத்திருக்கும் வழக்கறிஞர். இளம் வழக்கறிஞர்களுக்குப் பயிற்சி நடத்தும் குழுவில் இருப்பவர். நான் ஓய்வுபெற்று மூன்று வருடங்கள் ஆகின்றன. இந்த மூன்று வருடங்களில் என்னைத் தேடி அழைத்தவர்கள் பெரும்பாலும் காப்புறுதி விற்பவர்கள். ஆகவே ஆவலுடன் எடுத்தேன்.

"அங்கிள், அந்தக் கிள்ளான் அப்பளக் கேஸ் உங்களோடதுதானே?"

"ஆமா. ஏன்?"

"இப்ப எல்லாரும் கோர்ட்ல முன்னுதாரணமா அதத்தான் அங்கிள் சைட் பண்றாங்க! ட்ரையல் நேரத்துல வந்து க்ளெய்ம அமெண்ட் பண்றேன்னு எவனாச்சும் நின்னா, உங்க கேஸத் தூக்கிப் போட்டா போதும், முடிஞ்சது. அத எப்படி ஜெயிச்சீங்கன்னு எங்க புக்லெட்டுக்கு ஒரு கட்டுரை எழுதித் தாங்க லா. கொஞ்சம் ஜாலியா இருக்கட்டும்."

ஜாலியாகவே எழுதுகிறேன். முப்பத்தெட்டு வருடத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே புகழ் இது. அதை எப்படிச் சம்பாதித்தேன் என்று சொல்லாமல் போவது பணிவாகாது.

சட்டம் படிக்காதவர்கள் கையிலும் இது சிக்கக்கூடும் என்பதால் ஒரு சிறு விளக்கம். வணிக வழக்கில் வாதி தன் உரிமைக்கோரலில் எதை எழுதியிருக்கிறாரோ அதைத்தான் விசாரணையில் நிரூபிக்க முடியும். எழுதியது போதாது என்று பிறகு தெரிந்தால், திருத்துவதற்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். சீக்கிரம் கேட்டால் கிடைக்கும். விசாரணைக்கு ஒரு வாரம் இருக்கும்போது கேட்டால், எதிர்த்தரப்பிலிருந்து என்னைப் போன்ற ஒருவர் எழுந்து, "ஏன் இவ்வளவு தாமதம்?" என்று மிகுந்த வேதனையுடன் கேட்பார். அதேபோல, விசாரணைக்கு முன் இரு தரப்பும் தங்களிடம் உள்ள தாள்களையெல்லாம் ஒருவருக்கொருவர் காட்டியாக வேண்டும். இதற்கு டிஸ்கவரி என்று பெயர். காட்ட வேண்டும் என்று விதி சொல்கிறது. கண்ணில் படும்படி காட்ட வேண்டும் என்று அது சொல்லவில்லை. என் புகழ் முழுவதும் அந்த இடைவெளியில் முளைத்தது.

நான் செந்தூலில் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவன். பகலில் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து, மாலையில் தபால்வழி லண்டன் பரீட்சைக்குப் படித்து வழக்கறிஞரானேன். பயிற்சிக் காலத்தில் ஒன்பது மாதம் ஒரு மூத்தவரின் பையைத் தூக்கினேன். பிறகு என் பையை நானே தூக்கினேன். கற்றது அவ்வளவுதான். மீதியைக் கற்பித்தவர் சிவபாலன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் அவருடைய அலுவலகம்; சில வருடங்கள் கழித்து அங்கே சேர்ந்தேன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அவருடைய தாத்தா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர். என் தாத்தா அதே ரயில்வேயில் தண்டவாளம் போட்டவர். இதை சிவபாலன் ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. எனக்குத்தான் மறந்ததே இல்லை. சத்தம் போட மாட்டார். வாழை இலைச் சாப்பாட்டைக்கூடக் கரண்டி, முள்கரண்டியால் சாப்பிடுவார், இலை கிழியாது. அவரிடம் ஒரு மர அடிக்கோல் இருந்தது. எந்த வழக்கிலும் ஆவணங்களை நீண்ட மேசையில் பரப்பச் சொல்வார். நல்ல தாள்களைக் கையால் எடுத்துப் படிப்பார். வழக்குக்கு ஆபத்தான தாள் வந்தால் கையால் தொட மாட்டார். அடிக்கோலின் நுனியால் நகர்த்துவார். அலுவலகத்தில் எல்லாரும் அந்தக் கோலைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். கோல் எடுக்கப்பட்டால் கட்சிக்காரருக்கு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"ஒளிக்கக் கூடாது, காணும்," என்பார். "ஒளிச்சால் கோர்ட் எங்களைத் தண்டிக்கும். அடுக்க வேணும். அடுக்கிறதுக்கு ஒருத்தரும் தண்டிக்கேலாது."

கிள்ளான் வழக்கு வந்தபோது எனக்கு வயது ஐம்பத்து மூன்று. அவருக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. எங்கள் கட்சிக்காரர் உணவுத் தொழிற்சாலைகளுக்கு இயந்திரம் விற்கும் ஒரு நிறுவனம். எதிர்த்தரப்பு வாதி பரமேஸ்வரி என்ற பெண்மணி. கிள்ளானில் அப்பளத் தொழிற்சாலை வைத்திருந்தார். கேரி தீவு எஸ்டேட்டிலிருந்து பன்னிரண்டு பெண்கள் வேன் பிடித்து அங்கே வேலைக்கு வந்தார்கள். எங்கள் நிறுவனம் விற்ற கேஸ் அடுப்பு உலர்த்தியில் ஒரு மதியம் தீப்பிடித்தது. பெண்கள் சாப்பிடப் போயிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. உலர்த்தியை இயக்கியவர் பரமேஸ்வரியின் தம்பி கோபால். கேஸ் தோம்புகளை, அதாவது சிலிண்டர்களை, வெளியே இழுத்துப்போடும்போது அவருடைய இடது கை முழங்கைவரை வெந்தது. தொழிற்சாலை மிஞ்சவில்லை.

சாம்பலைக் கிளறியபோது ஒரு செப்புக் கம்பி அகப்பட்டது. சூடு அளவை மீறினால் அடுப்பைத் தானாக அணைக்கும் கருவி ஒன்று அந்த உலர்த்தியில் உண்டு. அது வேலை செய்யாதபடி யாரோ கம்பி போட்டு இணைத்திருந்தார்கள். யார்? உலர்த்தி பக்கம் தினமும் நின்றவர் ஒருவர்தான். பயர்மேன் வந்து போவதற்குள் கிள்ளானே முடிவு கட்டிவிட்டது: கோபால் கம்பி வைத்தான், அக்கா பிழைப்பை எரித்தான்.

அவர்களுடைய வழக்கறிஞர் கலைவாணி. கிள்ளானில் தனியாக, ஒரே ஒரு குமாஸ்தாவுடன் தொழில் செய்த இளம்பெண். உலர்த்தி விற்கும்போதே பழுதானது என்று உரிமைக்கோரலில் எழுதியிருந்தார். அவரிடம் இருந்த தகவலுக்கு அதைத்தான் எழுத முடியும்.

எங்களிடம் வேறு தகவல் இருந்தது. நிறுவனத்தின் பழுதுபார்ப்பவர் லியோங் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தீப்பிடிப்பதற்குப் பதினாறு நாட்களுக்கு முன் சர்வீசுக்குப் போனதாகச் சொன்னார். கருவி பழுது, உதிரிபாகம் கையில் இல்லை, தொழிற்சாலையோ நிற்கக் கூடாது. "செமந்தாரா சஜா, பாஸ்," என்றார். தற்காலிகமாகத்தான். அந்தத் தற்காலிகம்தான் செப்புக் கம்பி. கோபால் அப்போது மாவு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார், அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவார்களாம். சர்வீஸ் படிவத்தில் எல்லாவற்றையும் எழுதியிருந்தார், நேர்மையான மனிதர். "வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கப்பட்டதா?" என்ற கட்டத்தில் "இல்லை" என்று குறியிட்டிருந்தார். அடுத்த மாதமே நிறுவனம் அவரை வியட்நாம் கிளைக்குப் பதவி உயர்வு கொடுத்து அனுப்பியது. நான் அனுப்பச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆவணப் பட்டியல் தயாரிக்கும் நாள் வந்தது. நீண்ட மேசையில் தாள்கள் குவியல் குவியலாக இருந்தன: விற்பனை, சர்வீஸ், கடிதங்கள், வேன் செலவு. சிவபாலன் மேசையைச் சுற்றி வந்தார். மஞ்சள் கார்பன் நகலான அந்தப் படிவத்தின் முன் நின்றார். அடிக்கோலை எடுத்தார். சர்வீஸ் குவியலிலிருந்து அதை மெதுவாக நகர்த்தி, என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இது எங்கை போகும், காணும்?"

இந்த இடத்தில்தான் பலரும் தங்கள் மூத்தவரைக் குற்றம் சொல்லி ஒதுங்குவார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. அவர் கேள்வி மட்டும்தான் கேட்டார். "சர்வீஸ் ஃபைலுக்கு சார்" என்று நான் சொல்லியிருந்தால், ஒருவேளை தலையசைத்திருப்பார். நான் குனிந்து பார்த்தேன். படிவத்தின் மேல் மூலையில் லியோங் ஓட்டிவந்த வேனின் எண் எழுதியிருந்தது.

"வேன் நம்பர் இருக்கு சார்," என்றேன். "வேன் செலவோட போகலாம்."

அவர் அடிக்கோலைக் கீழே வைத்தார். "பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு நீர் வக்கீலாகிட்டீர்," என்றார். அந்தப் பத்தொன்பது வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அன்று ஒருநாள்தான். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அன்று வெளியே சாப்பிட்டோம்.

செய்முறையைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். பயிற்சி நூலுக்கு அல்லவா எழுதுகிறேன். பதினொரு பெரிய ஆர்ச் ஃபைல்கள், ஏறக்குறைய நாலாயிரம் பக்கம். விற்பனைப் பிரசுரங்களை முன்னால் வைக்க வேண்டும். வண்ணத்தில் இருந்தால் நல்லது, கண் சோர்ந்துபோகும். ஒரே கடிதத்தின் நான்கு பிரதிகள் இருந்தால் நான்கையும் சேர்க்க வேண்டும்; ஒன்றையும் மறைக்கவில்லை என்பதற்கு அது சான்று. மஞ்சள் கார்பன் தாளை மங்கலான நகல் இயந்திரத்தில் எடுக்க வேண்டும். அதன் பக்கத்தில் டோல் ரசீதுகளை ஒரு பக்கத்துக்கு ஒன்பது வீதம் ஒட்டி வைக்க வேண்டும். பட்டியலில் ஏழாம் கோப்புக்கு நான் கொடுத்த தலைப்பு: "வேன் பராமரிப்பு, எரிபொருள், டோல் ரசீதுகள், பலவகை." அந்தப் "பலவகை" என்ற சொல்லுக்காக அரை மணி நேரம் யோசித்தேன். பட்டியல் முழுமையானது என்று நிறுவனத்தின் மேலாளர் சத்தியம் செய்து கையெழுத்திட்டார். அதில் ஒரு பொய்யும் இல்லை. வேன் ஒன்றில் பதினொரு கோப்புகளும் கிள்ளான் போய்ச் சேர்ந்தன.

பத்து மாதம் அமைதி. விசாரணைக்கு எட்டு நாள் இருக்கும்போது கலைவாணி உரிமைக்கோரலைத் திருத்த அனுமதி கேட்டு மனுச் செய்தார். ஏழாம் கோப்பு, இருநூற்று முப்பத்தொன்றாம் பக்கத்தை அவர் கண்டுபிடித்துவிட்டார். விற்பனையில் பழுது என்பது போய், சர்வீசில் கவனக்குறைவு என்ற புதிய கோரிக்கை வந்தது. உண்மையும் அதுதான்.

"யாங் ஆரிஃப், டோல் ரசீதுகளுக்கு நடுவே இதை ஒளித்து வைத்திருந்தார்கள்," என்றார், நீதிபதியை மலாய் மரியாதைப் பெயரால் விளித்து.

நான் எழுந்தேன். குரலில் சிறிது வருத்தத்தைச் சேர்த்துக்கொண்டேன். "ஒளித்தோமா, யாங் ஆரிஃப்? பட்டியலில் இருக்கிறது. எண் இடப்பட்டிருக்கிறது. பெற்றுக்கொண்டதாக எதிர்த்தரப்பு கையெழுத்திட்டிருக்கிறது. பத்து மாதம் அவர்கள் அலமாரியில் இருந்த தாளை இன்று கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்கள். படிக்காததற்கு என் கட்சிக்காரர் எப்படிப் பொறுப்பு? தாளை எழுதியவர் இப்போது வெளிநாட்டில். புதிய கோரிக்கைக்கான ஆறு வருடக் கெடுவும் சென்ற ஆண்டே முடிந்துவிட்டது."

மனு தள்ளுபடியானது. நீதிபதிமேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. அடுக்கிக் கொடுத்ததை அவர் அடுக்கிய வரிசையிலேயே படித்தார்.

வெளியே மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது கலைவாணி பக்கத்தில் வந்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன, தூங்காத கண்கள்.

"அங்கிள், டோல் ரசீதுக்குள்ளயா?"

"வேன் நம்பர் இருந்துச்சும்மா."

"ஓ. அதே பேப்பர்ல எங்க க்ளையண்ட் பேரும் இருந்துச்சே. அது மட்டும் உங்க கண்ணுல படலயா லா?"

மின்தூக்கி வந்தது. நான் ஏறினேன். அவர் ஏறவில்லை.

விசாரணையில் கோபால் சாட்சி சொன்னார். அவருக்கு மொழிபெயர்ப்பாளர் வைத்திருந்தார்கள். நான் ஆங்கிலத்தில் கேட்பேன். மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்பார். கோபால் தமிழில் என்னைப் பார்த்துப் பதில் சொல்வார். நான் ஒன்றும் புரியாதவனாக மொழிபெயர்ப்புக்குக் காத்திருப்பேன். அவருடைய ஒவ்வொரு பதிலையும் இரண்டு முறை கேட்டேன். முதல் முறை, தமிழில் கேட்டதற்குத்தான் இன்றுவரை தூக்கம் கெடுகிறது.

நீதிமன்றத்தில் நான் பொய் சொல்லவில்லை. அவ்வளவு நன்றாகப் பழக்கப்பட்டிருந்தேன். அவர்தான் கம்பி வைத்தார் என்று நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. உலர்த்தியை வேறு யாராவது இயக்குவார்களா என்று கேட்டேன்.

"இல்ல சார். நான் மட்டுந்தான்."

சர்வீசுக்கு வந்தவர் கம்பி எதுவும் போட்டதாக உங்களிடம் சொன்னாரா?

"ஒண்ணும் சொல்லல சார்."

அவர் கம்பி போட்டதை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா?

"நான் மூட்ட எறக்கிக்கிட்டு இருந்தேன் சார், எப்படிப் பாக்குறது? ஆனா நான் வைக்கல சார். எங்க அக்கா கம்பெனி சார் அது. நான் ஏன் சார் வைக்கப்போறேன்?"

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி அவருக்கு அறிவுறுத்த வேண்டும் என்று நீதிபதியைக் கேட்டுக்கொண்டேன். பின்னால் பரமேஸ்வரி உட்கார்ந்திருந்தார். தம்பியைப் பார்க்கவில்லை, தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கலைவாணி அந்தப் படிவத்தைக் காட்டிக் கேள்வி கேட்க முயன்றார். உரிமைக்கோரலில் இல்லாத விஷயம், தாளை எழுதியவர் சாட்சியாக வரவில்லை என்று மறுத்தேன். மறுப்பு ஏற்கப்பட்டது. என் எழுத்து வாதத்தின் கடைசி வாக்கியம், "நீதிமன்றத்தின் முன் எஞ்சுவது ஒரே ஓர் அனுமானம்தான்" என்பது. தீர்ப்பு அந்த வாக்கியத்தை ஏற்றுக்கொண்டது. மேல்முறையீடு இல்லை, போவதற்கு அவர்களிடம் எதுவும் மீதமில்லை.

சிவபாலன் மறுவருடம் இறந்தார். அடிக்கோலை எனக்கு விட்டுப்போயிருந்தார். வீட்டில் திரைச்சீலைக்குப் பின்னால் விழுந்த பொருட்களை எடுக்கப் பயன்படுத்துகிறேன்.

பிரவீனிடம் போனிலேயே கேட்டேன்: "இப்பவும் ஃபைல் ஃபைலா அனுப்புறீங்களா?"

"இல்ல அங்கிள், எல்லாம் சாஃப்ட்வேர்தான். ‘கம்பி’ன்னு தட்டுனா, கை எழுத்தா இருந்தாலும் எந்தப் பக்கத்துல இருக்குன்னு ரெண்டு செகண்டுல காட்டிரும்."

கலைவாணிக்குப் பத்து மாதம் பிடித்த வேலை. என் உச்சத் திறமையின் ஆயுள் இப்போது இரண்டு விநாடி. இந்தத் தொழிலின் எதிர்காலத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

கட்டுரையைத் தொடங்க உட்கார்ந்தவன் எழுதாமல் கலைவாணியை அழைத்தேன். கோபால் எங்கே என்று கேட்டேன்.

"பதினஞ்சு வருஷம் கழிச்சு டிஸ்கவரியா, அங்கிள்?" என்றார். பிறகு எண்ணைக் கொடுத்தார்.

கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடையில், மதிய இடைவேளையில் கோபால் வந்தார். தலை நரைத்திருந்தது. முழுக்கைச் சட்டை, மேலே தடித்த குளிர்ச்சட்டை. மீன் இறைச்சி உறையவைக்கும் கிடங்கில் வேலையாம்.

"நெருப்பே இல்லாத எடமா பாத்துச் சேந்துக்கிட்டேன் சார்," என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "நீங்க என்ன சார், ரொம்ப இளைச்சிட்டீங்க. கோர்ட்டுல பாக்கும்போது பயமா இருப்பீங்க."

சொன்னேன். லியோங் வந்து சொன்னதை, வேன் எண்ணை, "பலவகை" என்ற தலைப்பை. கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்று இளையவர்கள் எனக்கு நினைவூட்டுவார்கள். சரிதான். அந்த நிறுவனம் கலைந்து வருடங்களாகிவிட்டன. ஆனாலும் விதி விதிதான். என்மேல் தாராளமாகப் புகார் செய்யுங்கள். என் உரிமத்தை ஏற்கெனவே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கோபால் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"எனக்குத் தெரியும் சார், நான் வைக்கலன்னு. வக்கீலம்மா அந்தப் பேப்பரக் காட்டுனாங்க. அக்காதான் நம்பல. அப்படி ஒரு பேப்பர் இருந்தா ஜட்ஜ் ஏன் பாக்கலன்னு கேட்டிச்சு. வக்கீலம்மா ஒன்னயத் தேத்துறதுக்குச் சொல்லுதுன்னிச்சு. பேசும் சார், நல்லாத்தான் பேசும். தீவாளிக்குக் கூப்புடும். ஆனா இன்னிக்கு வரைக்கும் அக்கா வீட்டுல நான் அடுப்புப் பக்கம் போகக் கூடாது. போனா, ‘நீ இரு, நீ இரு’ன்னு எந்திரிச்சு வந்துரும். அவ்வளவுதான் சார் வேற ஒண்ணும் இல்ல." இலையை மடித்தார். "நீங்க சொன்னத ஒரு கடுதாசில எழுதித் தாங்க சார். அக்காகிட்டக் காட்டுறேன்."

பேனாவை எடுத்தேன். தமிழில்தான் எழுதினேன். "மேற்குறித்த வழக்கில் பிரதிவாதியின் வழக்கறிஞர் என்ற முறையிலும், எனக்கு அக்காலத்தில் கிடைத்த தகவலின் அடிப்படையிலும், நான் அறிந்தவரையிலும், குறிப்பிட்ட கம்பியானது வாதியின் பணியாளரால் பொருத்தப்பட்டதாகக் கொள்ளப் போதிய ஆதாரம்..."

கோபால் தாளைத் தன் பக்கம் திருப்பி, உதட்டை அசைத்து இரண்டு முறை படித்தார்.

"இது என்னா சார் சொல்லுது? நான் வச்சேன்னா, வைக்கலன்னா?"

"வைக்கலன்னுதான்..."

"அப்ப அத எழுதுங்களேன் சார்."

அந்தத் தாளைக் கிழித்தேன். கடைக்காரரிடம் இன்னொரு தாள் வாங்கினேன். "கோபால் கம்பி வைக்கவில்லை. நிறுவனத்திலிருந்து வந்த ஆள் வைத்தார். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டே மறைத்தேன்." கீழே கையெழுத்துப் போட்டேன். முப்பத்தெட்டு வருடத்தில் நான் எழுதிய மிகச் சிறிய ஆவணம் அது.

"தேதி போடுங்க சார்," என்றார். போட்டேன். தேதியைப் பார்த்தார். "ரொம்ப லேட்டு சார்."

"ஆமா கோபால்."

"பரவால்ல. அக்கா இன்னும் இருக்குதுல்ல." குளிர்ச்சட்டையின் உள்பையில் தாளை வைத்து ஜிப்பை இழுத்தார்.

பிரவீன், உங்கள் நூலில் இதற்கு இடம் இல்லாவிட்டால் நான் வருந்த மாட்டேன். இடம் இருந்தால், அந்தத் தீர்ப்பைக் காட்டும் ஒவ்வொரு இடத்திலும் இதையும் பக்கத்தில் வையுங்கள். டோல் ரசீதுகளுக்கு நடுவே வைக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை கோபால் அழைத்தார். பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

"அக்கா படிச்சிச்சு சார்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல சார். கடுதாசிய மடிச்சு வச்சிச்சு. அப்புறம் தேத்தண்ணிக்கு என்னையே அடுப்பப் பத்த வைக்கச் சொன்னிச்சு."